மாமாவின் போனுக்குப் போன ஓடிபி

அரசாங்கம் எனக்கு அனுப்பிய எந்தச் செய்தியும் எனக்கு வந்ததில்லை. எல்லாம் என் அக்கா வீட்டுக்காரரான மாமாவின் போனுக்குப் போனது. தொழில் என் பேரில். ஜிஎஸ்டி பதிவு என் பேரில். ஷெட்டின் வாடகை ஒப்பந்தமும் கரண்ட் பில்லும் என் பேரில். நம்பர் மட்டும் அவருடையது. இப்படி ஒரு கிறுக்குத்தனத்தை ஏன் செய்தாய் என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். கேட்கிறவரின் பதிவிலும் அநேகமாக வேறு யாருடைய நம்பரோதான் இருக்கும்.

வேண்டுமானால் ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் எங்கள் தெருவுக்கு வந்து ஷெட் ஷெட்டாகக் கேட்டுப் பாருங்கள். லேத் போட்டவர், ஸ்பிரிங் சுற்றுகிறவர், அட்டைப்பெட்டி ஒட்டுகிறவர், எல்லோருடைய பதிவிலும் கணக்கு பார்க்கிறவரின் போன் நம்பர்தான். "நமக்கு எதுக்குங்க அந்தத் தொல்லை, மெசேஜ் வந்தா அவருக்கே வரட்டும்" என்பார்கள். வீட்டுச் சாவியை மச்சினனிடம் கொடுக்கவே நூறு முறை யோசிக்கிற ஆட்கள் இவர்கள். தொழிலின் சாவியை மட்டும் கேட்காமலே எடுத்து நீட்டிவிடுவார்கள். கணக்கு பார்க்கிறவர் சொந்தக்காரராகவும் இருந்துவிட்டால் அதைவிட நிம்மதி கிடையாது என்று நினைப்பார்கள்.

எங்களுடையது பவுடர் கோட்டிங் ஷெட். கம்பெனிக்காரர்கள் இரும்புச் சாமானைக் கொண்டுவந்து இறக்குவார்கள். நாங்கள் துருவும் எண்ணெயும் போகக் கழுவி, கலர் பவுடரைத் துப்பாக்கியால் அடித்து, ஓவனில் சுட்டுத் திருப்பி அனுப்புவோம். துப்பாக்கியும் ஓவனும் என் புருஷன் பொறுப்பு. பில், போன், சண்டை எல்லாம் நான். அவருக்குச் சண்டை போட வராது. ஓவன் பக்கத்திலேயே நின்று நின்று அந்த மனுஷனுக்குள் இருந்த சூடெல்லாம் போய்விட்டது போல.

பொம்மசந்திராவில் கரண்ட் பேனல் பெட்டி செய்கிற ஒரு கம்பெனி இருக்கிறது. அந்தக் கம்பெனி வேலைதான் எங்கள் சோறு, மற்ற வேலையெல்லாம் ஊறுகாய். எங்கள் ஷெட்டிலிருந்து வண்டியை எடுத்தால் டிரைவர் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஜூஜுவாடி வந்துவிடும், அந்தப் பக்கம் கர்நாடகா, பொம்மசந்திராவும் அங்கேதான். மாநிலம் தாண்டிப் போகிற ஜாப் ஒர்க் சாமான் நாலே நாலு பெட்டியாக இருந்தாலும் இ-வே பில் இல்லாமல் நகரக் கூடாது என்பது சட்டம். அந்த பில்லைப் போட ஒரு பாஸ்வேர்ட். அதை மட்டும் எங்கள் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த மாமா எனக்குக் கொடுத்திருந்தார். ரிட்டர்ன் தாக்கல் செய்கிற ஜிஎஸ்டி தளத்தின் பாஸ்வேர்ட் வேறு, அது அவரிடமே இருந்தது.

மாமா ஆடிட்டர் இல்லை. பி.காம். முடித்து ஒரு ஆடிட்டர் ஆபீசில் சில வருஷம் ஃபைல் தூக்கினார், பிறகு தானே ஒரு மேசை போட்டு உட்கார்ந்தார். போர்டில் ஆடிட்டர் என்று எழுதிக்கொள்ளவில்லை. யாராவது 'ஆடிட்டர் சார்' என்று கூப்பிட்டால் திருத்தவும் மாட்டார். அக்கா புருஷன் என்பதால் மாமா என்றுதான் கூப்பிட வேண்டும், வாங்க போங்க என்றுதான் பேச வேண்டும். மனசுக்குள் நான் அவரைக் கூப்பிடுவது அச்சில் போடுகிற மாதிரி இருக்காது.

பதிவு வாங்கிய நாளில் என்னிடம் இருந்தது ஒரு பட்டன் போன். ரீசார்ஜ் தீர்ந்து பாதி நாள் செத்துக் கிடக்கும். "உனக்கு எதுக்கும்மா இந்தத் தலைவலி. ஓடிபி, மெயிலு, அது இதுன்னு வந்துக்கினே இருக்கும். என் நம்பரே இருக்கட்டும்" என்றார் மாமா. "சொந்தத்துல படிச்சவரு ஒருத்தரு இருக்கறது எவ்ளோ நல்லது பாத்தியா" என்று அக்கா காபியை நீட்டினாள். நானும் ஆமாம் ஆமாம் என்று காபியைக் குடித்துவிட்டு, அவர் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

கொஞ்ச வருஷம் ஒழுங்காகத்தான் போனது. அப்புறம் அவருக்கு மனை வியாபாரக் கிறுக்கு பிடித்தது. சானமாவுக் காட்டுக்குப் பக்கத்தில், யானை நடக்கிற வழியில் கல் நட்டுக் கொடி கட்டி மனை விற்க ஆரம்பித்தார். மேசையில் ஆள் இருப்பதில்லை. ரிட்டர்ன் போட்டாச்சா மாமா என்று கேட்டால் போட்டாச்சு என்பார். இந்த முறை வரி கட்ட ஒன்றும் இல்லையா என்றால் எல்லாம் கழிஞ்சு போச்சும்மா என்பார். வேலை மந்தமாக இருந்த சமயம், நானும் நம்பிவிட்டேன்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை. பேனல் பெட்டிகளுக்கு நடுவே அட்டை கொடுத்து வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டியாகிவிட்டது. நான் இ-வே பில் போட உட்கார்ந்தேன். ரிட்டர்ன் தாக்கல் செய்யாததால் உங்கள் எண் தடுக்கப்பட்டிருக்கிறது என்று சிவப்பில் ஒரு வரி வந்தது. ஏதோ தப்பாகத் தட்டிவிட்டேன் என்று மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன். அதே சிவப்பு வரிதான் வந்தது.

"பில் பந்தில்வா அக்கா?" என்று கன்னடத்தில் கேட்டபடி டிரைவர் எட்டிப் பார்த்தார். ஆனேக்கல்காரர், பொறுமைசாலி. இன்னும் வரல, இருங்க என்று சொல்லிவிட்டு மாமாவுக்குப் போன் போட்டேன்.

"போர்ட்டல் மக்கர் பண்ணுதும்மா. ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்" என்றார்.

"ரிட்டர்ன் போடலன்னு வருது மாமா."

"அதெல்லாம் போட்டாச்சு."

"எப்ப போட்டீங்க?"

"சைட்ல பார்ட்டி நிக்கறாங்க. அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார்.

ராயக்கோட்டை ரோட்டில் கணக்கு பார்க்கிற ஒரு பெண் இருக்கிறாள் என்று பக்கத்து ஷெட்காரர் சொன்னார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். எங்கள் ஜிஎஸ்டி எண்ணைத் தட்டினால் ரிட்டர்ன் போட்டிருக்கிறதா இல்லையா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம். அது எனக்கு அன்றுதான் தெரியும். அவள் தட்டினாள். கடைசி இரண்டு காலாண்டுக்கும் ஒன்றுமே இல்லை.

"நோட்டீசும் வந்திருக்கும் அக்கா. இப்படியே விட்டா பதிவையே ரத்து பண்ணிடுவாங்க. உங்க மெயிலைப் பாருங்க" என்றாள்.

"மெயிலும் அவருதுதான்" என்றேன்.

அவளுக்கு அது புதிதாகத் தெரியவில்லை. தினம் யாராவது ஒருத்தர் வந்து இதையே சொல்வார் போல. பிறகு நிதானமாக விளக்கினாள். ரிட்டர்னை இன்றைக்கே போட்டுவிடலாம். அதற்கு உள்ளே போக வேண்டும். பாஸ்வேர்டை மாற்றினால் உள்ளே போகலாம். மாற்றுவதற்கு ஒரு ஓடிபி வரும், அது மாமா போனுக்குத்தான் வரும். வரி ஆபீசில் ஆதாரங்களோடு கடிதம் கொடுத்தால் அவர்களே நம்பரை மாற்றித் தருவார்கள், ஆனால் அதற்கு நாள் பிடிக்கும். "உள்ள போயிட்டீங்கன்னா மொதல்ல நம்பரை மாத்துங்கக்கா. கடைசியில பழைய நம்பருக்கே இன்னொரு ஓடிபி போகும். அந்த ரெண்டாவதையும் வாங்கினாத்தான் அவரு கையில இருந்து மொத்தமா வெளிய வருவீங்க" என்றாள்.

படி இறங்கும்போது பொம்மசந்திராவிலிருந்து போன். "மேடம், நாளைக்கு மத்தியானத்துக்குள்ள பெட்டி வரலேன்னா எங்க லைன் நின்னுடும். நின்னா நான் வேற கோட்டிங் ஷெட்டுக்கு மாத்திடுவேன். தப்பா நெனைக்காதீங்க" என்றார் அந்த ஸ்டோர்ஸ்காரர். அதில் தப்பாக நினைக்க என்ன இருக்கிறது, அவர் பிழைப்பு அவருக்கு. போகப்போவது என் சோறு. அந்த எரிச்சலில், ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்தபடியே எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் குரல் பதிவு ஒன்று போட்டேன்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. ஆடிட்டருன்னு சொல்லிக்கினு திரியற நம்ம வீட்டு மூத்த மாப்பிள்ள, ரிட்டர்ன் போடாமயே போட்டாச்சுன்னு பொய் சொல்லி என் பொழப்புல மண்ண போட்டுட்டாரு. இவருகிட்ட யாரும் ஒரு காகிதத்தைக்கூடக் குடுத்துடாதீங்க."

எல்லோரும் கேட்டார்கள், நீல டிக் வரிசையாக விழுந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு சித்தப்பா மட்டும் எதற்கென்றே தெரியாமல் இரண்டு கை கூப்பிய படம் போட்டார்.

அதற்குப் பிறகு மாமா என் போனை எடுக்கவே இல்லை. அக்காதான் கூப்பிட்டாள். "எதுக்குடி குரூப்புல போட்ட? அவரு சாப்பிடாம உக்காந்துக்கினு இருக்காரு" என்றாள்.

"என் வண்டி லோடோட நிக்குது, அத கேட்டியா?"

"அவரு கோவக்காரருன்னு தெரியுமில்ல. நீ கொஞ்சம் அடங்கிப் போனா என்னா? குரூப்புல பேசினா மாதிரியே குரூப்புல மன்னிப்பு கேக்கணுமாம். கேட்டா ஓடிபி சொல்றாராம்."

மாமா மேல் வந்ததைவிட அக்கா மேல் வந்த கோபம் பெரிது. ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள். கல்யாணமானதிலிருந்து அவள் பேச்சில் பாதி, அவரு சொன்னாரு, அவரு சொல்லச் சொன்னாரு என்றுதான் முடியும். அவளுக்கென்று ஒரு வாய் இருந்ததை நான் மறந்தே போயிருந்தேன். பட்டென்று போனை வைத்தேன்.

"கேட்டுடேன். ரெண்டு வார்த்தைதானே" என்றார் என் புருஷன்.

"ரெண்டு வார்த்தைதானே, நீங்க கேளுங்க."

"பதிவு உன் பேர்லதானே இருக்குது" என்றார் அந்தப் பொல்லாத மனுஷன், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

மறுநாள் காலையில் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு தொரப்பள்ளிப் பக்கம் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போனேன். ஓடிபி கைக்கு வந்ததும் மாமாவை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி என்ன கேட்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டது. யானைக்கு மனை விற்பதில் ஆரம்பித்து அவர் பி.காமில் போய் முடியும்.

மாமா சோபாவில் இருந்தார். கையில் விலை உயர்ந்த புதுப் போன். டீப்பாய் மேல் பழைய போன், கவிழ்த்து வைத்திருந்தது. அந்தப் பழைய போனுக்குள்தான் என் கம்பெனி இருந்தது.

"வாம்மா" என்றார்.

"நல்லா இருக்கீங்களா மாமா" என்றேன். பாருங்கள், இதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

"என்னா நல்லா இருக்கறது. சொந்தபந்தமெல்லாம் என் பேரு நாறுது. மொதல்ல குரூப்புல பேசு. மத்தத அப்புறம் பாக்கலாம்."

பல்லைக் கடித்துக்கொண்டு பேசினேன். கோபத்தில் சொல்லிட்டேன், மன்னிச்சுடுங்க மாமா என்று முடித்தேன். அவர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "அழிச்சுடு. கோவத்துல சொல்லிட்டேன்னா, சொன்ன விஷயம் நெசம்னு ஆயிடும். தெரியாம பேசிட்டேன்னு சொல்லு. அவரு மேல எந்தத் தப்பும் இல்லன்னும் சேத்துக்க" என்றார். ஒரு ரிட்டர்ன் போட நேரமில்லாத மனுஷனுக்கு என் மன்னிப்பில் பிழை திருத்த நேரமிருந்தது. உள்ளே பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அக்கா கேட்டுக்கொண்டு நிற்கிறாள் என்று தெரிந்தது.

அழித்துவிட்டு அவர் சொன்னபடியே சொன்னேன். "நேத்து மாமாவ பத்தி தெரியாம பேசிட்டேன். அவரு மேல எந்தத் தப்பும் இல்ல. எல்லாரும் மன்னிச்சுடுங்க." அந்த நிமிஷத்தில் பொம்மசந்திரா கம்பெனியும் வேண்டாம், ஓவனும் வேண்டாம், எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. எழுந்து போனால் வண்டியில் இருக்கிற பெட்டிகளை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது. உட்கார்ந்துகொண்டேன். மாமா தன் போனில் அதை ஸ்பீக்கரில் போட்டு ஒரு முறை கேட்டார், திரும்பவும் கேட்டார். சித்தப்பா மறுபடியும் கை கூப்பிய படம் போட்டார்.

பிறகு பழைய போனை நிமிர்த்தி, ரேஷன் கடையில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிற தோரணையில் முதல் ஓடிபியை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். பாஸ்வேர்ட் மாறியது. நான் உள்ளே போனேன். அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தபடி அலைபேசி எண் என்ற கட்டத்தைத் தேடி, அவர் நம்பரை அழித்துவிட்டு என்னுடையதைப் போட்டேன். மெயிலையும் மாற்றினேன். என்னுடைய போனைச் சத்தம் வராமல் வைத்திருந்தேன், புது நம்பரைச் சரிபார்க்க அதற்கு வந்த எண்களைப் பையைத் துழாவுகிற மாதிரி பார்த்துப் பார்த்துத் தட்டினேன். "இன்னுமா ஆவுது?" என்றார். "நெட்டு சுத்துது மாமா" என்றேன். இனி அந்த இரண்டாவது ஓடிபிதான் பாக்கி. அது அவர் போனுக்கு வரும், எதற்காக என்றும் அதிலேயே எழுதியிருக்கும். பார்த்தால் சொல்ல மாட்டார்.

வாசலில் ஹாரன் அடித்தது. மனை பார்க்க யாரோ காரில் வந்திருந்தார்கள். மாமா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு புதுப் போனை எடுத்தபடி வெளியே போனார். நான் கடைசிப் பொத்தானை அழுத்தினேன். டீப்பாய் மேல் பழைய போன் நடுங்கியது.

அக்கா காபியோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நான் எழுவதற்குள் அவள் வந்துவிட்டாள். டம்ளரை வைத்தாள், முந்தானையில் கையைத் துடைத்தாள், போனை எடுத்துப் படித்தாள். பன்னிரண்டாவது வரை படித்தவள், அதில் இருந்த இங்கிலீஷ் அவளுக்குப் புரியும். அவரைக் கூப்பிடப் போகிறாள், என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அவள் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு போனைத் திருப்பி என் முகத்துக்கு நேரே பிடித்தாள். நான் எண்களைத் தட்டி முடிக்கிற வரைக்கும் அந்தக் கை அசையவில்லை. முடிந்ததும் அந்த மெசேஜை அழித்துவிட்டு, போனை முன்பு இருந்த மாதிரியே கவிழ்த்து வைத்தாள்.

"காபி ஆறுது, குடி" என்றாள்.

மாமா திரும்பி வந்தார். "முடிஞ்சுதா? புது பாஸ்வேர்ட எனக்கு வாட்ஸப்புல அனுப்பிடு. நீ மறந்துடுவ" என்றார்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது. நான் வாயைத் திறந்தால் அது விழப்போவது என் தலையில் இல்லை, அக்கா தலையில். யானை, மனை, பி.காம். எல்லாவற்றையும் காபியோடு விழுங்கினேன். "சரிங்க மாமா" என்றேன். என் வாழ்நாளில் இவ்வளவு கசப்பாக எதையும் நான் சொன்னதில்லை.

அன்று மத்தியானத்துக்குள் ராயக்கோட்டை ரோட்டுப் பெண் இரண்டு ரிட்டர்னையும் போட்டு, வரியும் தாமதக் கட்டணமும் கட்டவைத்து, தடுப்பை எடுக்கவைத்தாள். வண்டி கர்நாடகாவுக்குள் அத்திப்பள்ளியைத் தாண்டிவிட்டது என்று டிரைவர் போன் செய்தார். ஆனால் அதற்கு முன்னால், நான் அக்கா வீட்டிலிருந்து கிளம்பும்போது கேட்டில் நடந்தது ஒன்று பாக்கி இருக்கிறது.

ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டிருந்தேன். கேட்டைச் சாத்துகிற சாக்கில் அக்கா வந்தாள்.

"நம்பர் மாத்தறதுக்கு அவரு கூட வரணுமா?" என்றாள்.

"எந்த நம்பரு? அதான் மாத்தியாச்சே."

"உன்னுது இல்ல."

நான் வண்டியை நிறுத்தினேன். அக்கா என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துப் பேசினாள். "என் பேர்ல ரெண்டு கம்பெனி இருக்குது. காட்டின எடத்துல கையெழுத்து போட்டிருக்கேன், என்னா கம்பெனின்னு தெரியாது. போன வாரம் பேங்குல இருந்து ஒருத்தரு என்னத் தேடிக்கினு வந்தாரு. இவரு வாசல்லயே பேசி அனுப்பிட்டாரு. என் பேருக்கு வர்றது எல்லாமே அந்தப் பழைய போனுக்குத்தான் போவுது. ஆதார்லயே அவரு நம்பருதான்."

நேற்று அவளைப் பற்றி நான் நினைத்ததெல்லாம் ஞாபகம் வந்தது. வண்டியை ஸ்டாண்டில் போட்டு இறங்கினேன். 

"அவரு வர வேணாம்" என்றேன். "தாலுக்கா ஆபீசுல ஆதார் சென்டர் இருக்குது. நீ போயி விரல் வெச்சா போதும். உன் நம்பர போட்டுக்குடுப்பாங்க. மத்தத எல்லாம் அதுல இருந்து ஒண்ணொண்ணா மாத்தலாம்."

"என் விரல் மட்டுமா?"

"உன் விரல் மட்டும்தான்."

உள்ளேயிருந்து மாமா காபி கேட்டார், வந்த பார்ட்டிக்கும் சேர்த்து. "தோ வந்துட்டேங்க" என்றாள் அக்கா, எப்போதும் சொல்கிற அதே குரலில். அப்புறம் கேட்டின் தாழ்ப்பாளைப் போட்டபடியே, உதடு அசைவது தெரியாமல் சொன்னாள்.

"செவ்வாக்கெழம காய் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வர்றேன். நீ வண்டி எடுத்துக்கினு சந்தை முக்குல நில்லு."